மூன்று மாதத்திற்கு ஒரு பாஸ்வேர்ட் யாருக்காக?

வீட்டிற்குப் புதிதாகக் கம்ப்யூட்டர் வந்திருக்கிறது. இன்டர்நெட் இணைப்பும் கிடைத்துவிட்டது. ஈமெயில், வங்கி, மின் கட்டணம், காஸ் பதிவு என்று ஒவ்வொன்றாகக் கணக்குத் திறக்கிறீர்கள். ஒவ்வொன்றும் பாஸ்வேர்ட் கேட்கிறது. பெரிய எழுத்து ஒன்று, எண் ஒன்று, சிறப்புக் குறி ஒன்று கட்டாயம் என்கிறது. எல்லாம் கொடுத்து முடித்து மூன்று மாதம் ஆனதும், சில தளங்கள் "உங்கள் பாஸ்வேர்ட் காலாவதியாகிவிட்டது" என்று மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்கின்றன. நமக்குத்தான் கம்ப்யூட்டர் சரியாகத் தெரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக் கொள்கிறீர்கள். அப்படி நினைக்க வேண்டாம். சாப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கும் நானும் இதே அவஸ்தையில்தான் இருக்கிறேன். இந்த விதியே தவறு என்பது என் கருத்து.

எங்கள் ஆபீஸில் 90 நாட்களுக்கு ஒரு முறை பாஸ்வேர்டை மாற்றியாக வேண்டும். பழையதை மீண்டும் கொடுக்க முடியாது. நான் வேலையில் சேர்ந்த நாளில் என் ஊர்ப் பெயரையும் @ குறியையும் சேர்த்து, கடைசியில் 1 என்று வைத்தேன். மூன்று மாதம் கழித்து அது 2 ஆனது. பிறகு 3. இப்படியே 20-ஐத் தாண்டிவிட்டேன். (இதைப் படித்துவிட்டு யாரும் முயற்சி செய்ய வேண்டாம், மாற்றிவிட்டேன்!) பக்கத்து சீட்டு நண்பர் மாதத்தின் பெயரை வைக்கிறார். இன்னொருவர் கீபோர்டுக்கு அடியில் மஞ்சள் சீட்டில் எழுதி ஒட்டியிருக்கிறார். ஆடிட் நடக்கும் அன்று மட்டும் சீட்டு டிராயருக்குள் போய்விடும். மறுநாள் மறுபடியும் கீபோர்டுக்கு அடியில். இவர்கள் எல்லோரும் இன்ஜினியரிங் படித்தவர்கள், வருடா வருடம் பாதுகாப்புப் பயிற்சியில் கலந்துகொண்டு சான்றிதழ் வாங்குகிறவர்கள்.

ஒரு வருடம் வைகாசி கருட சேவைக்கு ஊருக்கு வந்திருந்தபோது லேப்டாப் பாஸ்வேர்ட் காலாவதியானது. புதியது மாற்ற ஆபீஸ் நெட்வொர்க்கில் நுழைய வேண்டும். ஆபீஸ் நெட்வொர்க்கில் நுழையப் பாஸ்வேர்ட் வேண்டும். அரை நாள் உதவி மையத்திற்குப் போன் செய்துகொண்டே இருந்தேன். இதையெல்லாம் அப்போது வெறும் எரிச்சலாகத்தான் எடுத்துக்கொண்டேன். கொஞ்ச நாள் முன்பு பார்த்த ஒரு நோட்டுதான் என்னை இதை எழுத வைக்கிறது.

காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையில் இருக்கும் ஐயம்பேட்டை எங்கள் ஊர். அப்பா பட்டு நெசவு. எந்தப் புடவைக்குப் பாவில் எத்தனை இழை என்று எதையும் பார்க்காமல் சொல்லிவிடுவார். ஆனால் நெட் பேங்கிங் பாஸ்வேர்ட் மட்டும் நினைவில் நிற்காது. சரிகை வாங்கியதற்குப் பணம் அனுப்ப வேண்டுமானால் கடைத்தெருவில் இருக்கும் பிரவுசிங் சென்டருக்குப் போவார். ஒருமுறை நானும் உடன் போனேன். கடைப் பையன் என்னைப் பார்த்ததும், "வாங்கண்ணே" என்று சொல்லிவிட்டு மேஜைக்குள் இருந்து ஒரு நீளமான நோட்டை எடுத்தான். பக்கத்தைத் திருப்பினான். அப்பா பெயர், யூசர் நேம், பாஸ்வேர்ட். பாஸ்வேர்ட் என்றால் என் பெயர், @, பிறகு ஒரு எண். எண் நான்கு முறை அடிக்கப்பட்டு மேலே புதிது எழுதப்பட்டிருந்தது. அன்றைக்கும் பாஸ்வேர்ட் காலாவதி. பையன் ஐந்தாவது எண்ணைப் போட்டான், அப்பா செல்போனைப் பார்த்து ஓடிபியைச் சத்தமாகப் படித்தார், வேலை முடிந்தது.

அந்த நோட்டில் எங்கள் தெருவில் பாதிப் பேர் இருக்கிறார்கள். வங்கி, ஈமெயில், பி.எப்., காஸ், எல்லாம். பெரும்பாலும் பிள்ளை பெயர் அல்லது சாமி பெயர், @, எண்.

"ஏம்ப்பா, இதை எல்லாம் எழுதி வைக்கலாமா?" என்று கேட்டேன்.

"நான் எங்கண்ணே ஆசைப்பட்டு எழுதுறேன்? மாத்திக்கினே இருந்தா அவங்களுக்கு ஞாபகம் இருக்கறதில்ல. மறந்துட்டு வந்து என்கிட்டதான் சண்டை போடறாங்க" என்றான்.

பையன் நல்லவன். ஒரு ரூபாய் யாரிடமும் தவறாக எடுத்ததில்லை. ஆனால் அந்த மேஜைக்குப் பூட்டு கிடையாது.

திருடனிடமிருந்து காப்பாற்ற வந்த விதி, பாதித் தெருவின் பாஸ்வேர்டுகளை ஒரே நோட்டில் கொண்டு வந்து வைத்திருக்கிறது. இந்த விதி எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்தேன். 1985-ல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை பாஸ்வேர்ட் நிர்வாகம் பற்றி ஒரு வழிகாட்டி வெளியிட்டது. ஒருவன் ஊகித்துக்கொண்டே இருந்தால் எத்தனை நாளில் பிடிபடும் என்று கணக்குப் போட்டு, அதற்குள் மாற்றிவிட வேண்டும் என்பது அதன் அடிப்படை. கம்ப்யூட்டர்கள் மெதுவாக இருந்த காலம் அது. பிறகு அமெரிக்காவின் தேசியத் தர நிறுவனமான நிஸ்ட்டில் பணியாற்றிய பில் பர் என்பவர் 2003-ல் எழுதிய வழிகாட்டிக் குறிப்புதான், எழுத்து-எண்-குறி கலந்து வைப்பது, அடிக்கடி மாற்றுவது ஆகிய பழக்கங்கள் உலகம் முழுக்கப் பரவக் காரணம் என்கிறார்கள். அதே பில் பர், ஓய்வு பெற்ற பிறகு 2017-ல் ஒரு பேட்டியில், தாம் எழுதியவற்றில் பெரும்பகுதிக்காக இப்போது வருந்துவதாகச் சொல்லிவிட்டார்!

அதற்கு முன்பே, 2010-ல், வடக்கு கரோலினா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்திருந்தார்கள். கட்டாயத்தின் பேரில் மாற்றப்பட்ட ஆயிரக்கணக்கான பாஸ்வேர்டுகளை எடுத்து, பழையது தெரிந்தால் புதியதை ஊகிக்க முடியுமா என்று பார்த்தார்கள். 17 சதவீதக் கணக்குகளில் ஐந்து முயற்சிக்குள்ளேயே புதியது கிடைத்துவிட்டது. "மூன்று முறை தவறினால் கணக்கு பூட்டப்படும்" என்கிற பாதுகாப்பும் இங்கே எவ்வளவு மெலிதாகிறது, பாருங்கள். காரணம் சுலபம். மனிதர்கள் எண்ணை ஒன்று கூட்டுகிறார்கள். நான் செய்ததும் அதேதான், அந்த நோட்டில் இருப்பதும் அதேதான்.

2017-ல் நிஸ்ட் தன் வழிகாட்டியை மாற்றி, காரணமில்லாமல் பாஸ்வேர்டை மாற்றச் சொல்லக் கூடாது, திருடு போனதற்கு அடையாளம் தெரிந்தால் மட்டும் மாற்றச் சொல்லுங்கள் என்றது. 2019-ல் மைக்ரோசாப்ட் நிறுவனமும் விண்டோஸ் 10-க்கான தன் பாதுகாப்புப் பரிந்துரைகளிலிருந்து காலாவதி விதியை எடுத்துவிட்டது. பிறகும் ஏன் பல ஆபீஸ்களில் தொடர்கிறது? ஆடிட்டரின் பட்டியலில் அந்தக் கட்டம் இன்னும் இருக்கிறது, அதில் டிக் போட வேண்டியிருக்கிறது. நான் எங்கள் பாதுகாப்புக் குழுவிற்கு இந்த விவரங்களைத் திரட்டி மெயில் அனுப்பினேன். "இது நிறுவனக் கொள்கை" என்று ஒரு வரியில் பதில் வந்தது.

பாஸ்வேர்ட் மறந்தால் கேட்கும் கேள்விகள் இன்னும் வேடிக்கை. "உங்கள் தாயாரின் திருமணத்திற்கு முந்தைய குடும்பப் பெயர் என்ன?" எங்கள் அம்மாவுக்குக் குடும்பப் பெயரே கிடையாது. கல்யாணத்திற்குப் பிறகு மாறியது இனிஷியல் ஒன்றுதான். அதுவும் தெருவுக்கே தெரியும்.

சரி, புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய நீங்கள் என்ன செய்யலாம்? முதலில் உங்கள் ஈமெயில் கணக்கைக் கவனியுங்கள். மற்ற தளங்கள் பலவற்றின் பாஸ்வேர்டை அதன் வழியாகவே மாற்றிவிட முடியும் என்பதால் அதுதான் தலைவாசல். அதன் பாஸ்வேர்ட் வேறு எந்தத் தளத்திலும் இருக்கக் கூடாது. சிக்கலாக இருப்பதைவிட நீளமாக இருப்பது முக்கியம். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நான்கு ஐந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். நாடா, கொடுக்காப்புளி, தாழ்ப்பாள், வெள்ளிக்கிழமை என்பதுபோல. (அச்சில் வந்துவிட்டதால் இதையே வைக்காதீர்கள்.) சொற்களை நீங்களாக யோசித்தால் பிடித்த சாமியும் நடிகரும் வந்துவிடுவார்கள்; அகராதியைக் கண்ணை மூடிப் பிரித்து விரல் படும் சொல்லை எடுங்கள். 7,776 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து குருட்டாம்போக்கில் நான்கு எடுத்தாலே சுமார் 36 கோடி கோடி விதமாக அமையும். பிள்ளை பெயரும் எண்ணும் இதன் பக்கத்தில்கூட வராது. நீளத்திற்கு வரம்பு வைத்து இதை ஏற்காத தளங்களும் உண்டு. அங்கே இடம் கொடுக்கும் வரை கொடுங்கள், வேறு வழியில்லை. இரண்டு கட்டச் சரிபார்ப்பு வசதி இருந்தால் கண்டிப்பாக இயக்குங்கள். ஓடிபியை யாருக்கும் படித்துக் காட்டாதீர்கள்.

மறந்துவிடும் என்று பயமா? காகிதத்தில் எழுதி உங்கள் வீட்டுப் பீரோவில் வையுங்கள். எழுதவே கூடாது என்று பலர் சொல்வார்கள்; நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பாதுகாப்பு வல்லுநர் புரூஸ் ஷ்னையர் 2005-லேயே எழுதி வைத்துக்கொள்ளச் சொன்னவர். இணையத் திருடன் உங்கள் பீரோவைத் திறக்கப் போவதில்லை. பிரவுசிங் சென்டர் நோட்டுக்கும் பீரோ காகிதத்திற்கும் வித்தியாசம் இருக்கிறது.

போன மாதம் வீட்டிற்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்தேன். அப்பா தானே ஐந்து சொற்கள் எடுத்து, எழுதிப் பூட்டிவிட்டார். என்னிடமும் சொல்லவில்லை. பிரவுசிங் சென்டர் பையனிடம் அந்த நோட்டைக் கிழித்துப் போடும்படி சொன்னேன். அப்பாவின் பக்கத்தை மட்டும் கிழித்துக் கொடுத்தான். "மீதியக் கிழிச்சிட்டா திங்கக்கிழமை இவங்கல்லாம் வந்து யாரைக் கேப்பாங்கண்ணே?" என்றான். எனக்கும் பதில் தெரியவில்லை. மேஜைக்கு ஒரு பூட்டு மட்டும் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன்.