எஞ்சினுக்கு உள்ள மதிப்பு எமது நுரையீரலுக்கு இல்லையா?

பிறர் எழுதிய செய்திகளைச் சரிபார்ப்பதே நாற்பது ஆண்டுகளாக எனது தொழிலாக இருந்தது. பெயர் சரியா, தொகை சரியா, சொன்னதாகச் சொல்லப்படுபவர் உண்மையிலேயே சொன்னாரா என்று கேட்டுக் கேட்டே காலம் கழிந்தது. அப்படிப்பட்ட நான், எனது காரின் பராமரிப்புப் பற்றுச்சீட்டை ஒருநாளேனும் சரிபார்த்ததில்லை. அதற்கான பாடத்தைக் கடந்த மாதம்தான் கற்றேன்.

விடுமுறைக்கு வந்திருந்த பேத்தி, காரில் ஏறிய சில நிமிடங்களில் இருமத் தொடங்குவாள். இறங்கினால் இருமல் அடங்கிவிடும். "அம்மப்பா, உங்கட காருக்குள்ள ஈரத்துணி மணக்குது" என்றாள். அயலில் வசிக்கும் ஓய்வுபெற்ற மெக்கானிக் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் முன்னிருக்கைக்கு எதிரேயுள்ள சிறு பெட்டியைக் கழற்றி, அதன் பின்னாலிருந்து கபின் பில்டர் எனப்படும் காற்று வடிகட்டியை வெளியே இழுத்தார். கரிக்கட்டை போல் கறுத்துப்போன அதன் மடிப்புகளுக்குள் காய்ந்த இலைத் துண்டுகளும் பூச்சிகளின் சிறகுகளும் கிடந்தன. ஓரத்தில் யப்பானிய எழுத்துகளோடு, எவரோ பேனாவால் எழுதிய 2014 என்ற ஆண்டும் இருந்தது. அந்தக் கார் இலங்கைக்கு வந்ததோ 2015இல். இடையில் மூன்று தடவை அது மாற்றப்பட்டதாகச் சொல்லும் பற்றுச்சீட்டுகள் எனது மேசையில் இருக்கின்றன. மூன்றுக்கும் பணம் கொடுத்திருக்கிறேன்!

பேத்தியின் இருமலுக்கு அதுதான் காரணம் என்று மருத்துவரைப் போலத் தீர்ப்புக் கூற நான் முனையவில்லை. புதிய வடிகட்டி போட்ட பின் மணம் போய்விட்டது, இருமலும் குறைந்தது என்பதை மட்டும் சொல்லலாம்.

இந்த ஏமாற்று எவ்வாறு சாத்தியமாகிறது? எஞ்சினுக்கான காற்று வடிகட்டி அடைபட்டால் எஞ்சின் முனகும். சாரதி உடனே கவனிப்பார். கபின் வடிகட்டி அடைபட்டால் வாகனம் வழக்கம்போல் ஓடும். அவதிப்படுவது உள்ளே இருக்கும் மனிதர்கள் மாத்திரமே. அது கண்ணில் படாத இடத்தில் இருப்பதால், மாற்றினார்களா இல்லையா என்று கேட்பாருமில்லை.

காற்றை அலட்சியம் செய்யக்கூடிய காலமும் இதுவன்று. காற்று மாசு காரணமாக 2022 டிசம்பர் 9ஆந் திகதி இலங்கையில் பாடசாலைகள் மூடப்பட்டதை நாம் மறந்திருக்க மாட்டோம். 2.5 மைக்கிரோமீற்றருக்கும் சிறிய துகள்களின் ஆண்டுச் சராசரி, ஒரு கனமீற்றர் காற்றில் 5 மைக்கிரோகிராமைத் தாண்டலாகாது என உலக சுகாதார நிறுவனம் 2021இல் தனது வரம்பைப் பாதியாகக் குறைத்தது. 2020 மார்ச்சில் விதிக்கப்பட்ட இறக்குமதித் தடை தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் நீங்கியது. பழைய வாகனங்களையே பேணிப் பேணி ஓட்டும் பழக்கம் எமக்கு அப்போது வலுத்தது. பேணுவதென்றால் முழுமையாகப் பேண வேண்டாமா?

வடிகட்டி வாங்கும்போது விளம்பரத்தை விட அளவே முக்கியம். ஓரத்தில் இடைவெளி இருந்தால் காற்று அந்த வழியாலேயே புகுந்துவிடும். எத்தனை உயர்ந்த வடிகட்டியும் பயன்தராது. சாதாரண வகை தூசியையும் மகரந்தத்தையும் தடுக்கும். கரி சேர்த்த வகை புகை மணத்தையும் சில வாயுக்களையும் ஓரளவு உறிஞ்சும். பேருந்துகளின் பின்னால் காலி வீதியில் ஊர்பவர்களுக்கு அந்த மேலதிகச் செலவு தகும். ஆனால் காபனோரொட்சைட்டை இவற்றில் எதுவும் தடுக்காது. எஞ்சினை ஓடவிட்டு, கண்ணாடிகளை மூடிக்கொண்டு காருக்குள் உறங்குபவர்கள் இதை நினைவிற் கொள்ளவேண்டும்.

ஆண்டுக்கொரு முறை, அல்லது 15,000 கிலோமீற்றர் அளவில் மாற்றுவது பொதுவான வழக்கம். தூசி மிகுந்த வீதிகளில் ஓடுவோர் முன்னதாகவே மாற்றவேண்டும். காற்றடித்துச் சுத்தம் செய்து தருவதாகச் சொன்னால் நம்பவேண்டாம். வேகமான காற்றில் நுண்ணிய இழைகள் கிழியும். உள்ளே புதைந்த துகள்கள் முழுமையாக வெளியேறா. காற்றுச் செல்லும் திசையைக் காட்டும் அம்புக்குறி வடிகட்டியிலேயே இருக்கும், அதன்படி பொருத்தவேண்டும். பல கார்களில் இது பத்து நிமிட வேலை. சில கார்களில் வடிகட்டிக்கான இடம் மட்டும் இருக்கும், வடிகட்டி இராது. அதையும் ஒருமுறை திறந்து பார்த்துவிடுவது நல்லது.

எல்லாத் திருத்துமிடங்களும் இப்படித்தான் என்று நான் கூறவில்லை. நேர்மையாக உழைக்கும் தொழிலாளர்கள் பலரை அறிவேன். ஆயினும் கேட்காத வாடிக்கையாளரே ஏமாற்றுக்காரரின் முதலீடு. கழற்றிய பழைய பாகத்தைக் கையில் தரும்படி கேளுங்கள். புதியதன் ஓரத்தில் உங்கள் கண்முன்னே திகதியை எழுதச் சொல்லுங்கள். பிள்ளைகளைப் பாடசாலை வானில் அனுப்பும் பெற்றோர், அந்த வானின் வடிகட்டி கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்று சாரதியிடம் ஒருமுறை விசாரியுங்கள். இதில் வெட்கப்பட எதுவுமில்லை.

எனது காரில் இப்போதுள்ள வடிகட்டியின் ஓரத்தில் திகதியை எழுதியவள் பேத்திதான். அடுத்த விடுமுறைக்கு வரும்போது தானே திறந்து பார்ப்பாளாம்.