வளர்ப்புப் பிராணிகள்: தாடி ஓணானும் அதன் ஆகாரமும்

வேலியிலே போகிற ஓணானைப் பிடித்து மடியிலே கட்டிக்கொண்டு, பின்னர் குத்துகிறதே குடைகிறதே என்று கூக்குரலிடுபவனைப் பற்றி நம்மிடையே ஒரு பழமொழி உண்டு. வேண்டாத வினையை விலைக்கு வாங்குபவனுக்கு அதைவிடப் பொருத்தமான உவமை கிடையாது. ஆயினும் அவுஸ்திரேலியாவிலும் ஜேர்மனியிலும் அமெரிக்காவிலும் எத்தனையோ வீடுகளில் இன்று ஓர் ஓணான் மெய்யாகவே மனிதரின் மடியில் அமர்ந்திருக்கிறது. அது குத்துவதுமில்லை, குடைவதுமில்லை. அதன் பெயர் தாடி ஓணான். கடல் கடந்து வாழும் நம் உறவினரின் பிள்ளைகளுள்ளும் இதனை வளர்க்க ஆசைப்படுவோர் இருப்பர். ஆகவே இவ்வாரம் இதன் ஆகாரத்தைப் பற்றிச் சிறிது ஆராய்வோம்.

அவுஸ்திரேலியாவின் உட்பகுதியிலுள்ள வறண்ட நிலமே இதன் தாயகம். 1926 ஆம் ஆண்டிலே ஏர்ன்ஸ்ட் ஆல் என்னும் ஜேர்மானிய விலங்கியலாளர் இதனை முதன்முதலாக விஞ்ஞான முறைப்படி விவரித்தார். நமது வேலிகளில் தலையை ஆட்டி நிற்கும் ஓணானும் இதுவும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. சினம் கொண்டால் கழுத்துப்புறத்து முட்களை விரித்துக் கறுத்துக் காட்டும், அதுவே தாடி. வால் உட்பட ஏறக்குறைய இரண்டடி நீளம் வளரும். நன்கு பராமரித்தால் பத்தாண்டு வரை வாழக்கூடியது. அவுஸ்திரேலிய அரசு தன் நாட்டு வனஜீவிகளை வணிகத்துக்காக உயிருடன் ஏற்றுமதி செய்ய அனுமதிப்பதில்லை. எனவே பிற நாடுகளில் விற்கப்படுபவை கூட்டிலேயே பிறந்து வளர்ந்த பரம்பரையினவாகும்.

இப்பிராணி வீட்டிலே பட்டினியால் மடிவது அரிது. பிழையான ஆகாரத்தால் நோயுறுவதோ சர்வசாதாரணம். அதுவும் அன்பில்லாதவர் கையில் மட்டுமன்று, அன்பு மிகுந்தவர் கையிலும் நிகழ்கிறது என்பதே கவலைக்குரியது.

முதலில் காட்டிலே அது எதைத் தின்கிறது என்று பார்ப்போம். மத்திய அவுஸ்திரேலியாவின் பாலைநிலத்தில் வாழ்ந்த 14 தாடி ஓணான்களின் இரைப்பையைச் சோதித்த ஆராய்ச்சி ஒன்று 2015 ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அவற்றின் உணவில் நூற்றுக்கு 61 பங்கு பிராணிகளாகவும், 39 பங்கு தாவரமாகவும் இருந்தன. அப்பிராணிகளுள் மிகப் பெரும்பகுதி எது தெரியுமா? ஈசல்! மழைக்குப்பின் புற்றிலிருந்து கிளம்பும் அதே ஈசலின் இனந்தான். கிடைக்கும் காலத்தில் வயிறாரத் தின்று, கிடையாத காலத்தில் இலையும் பூவுமாகக் கழிக்கும் சீவன் இது. வீட்டிலே ஆண்டு முழுவதும் ஈசற்காலமே நடந்தால் என்ன ஆகும் என்பதை வாசகர்களே ஊகித்துக் கொள்ளலாம்.

ஆகாரத்தின் அளவு வயதுக்கேற்ப மாறவேண்டும். வளரும் குட்டிக்கு நான்கில் மூன்று பங்கு பூச்சியும், ஒரு பங்கு கீரையும் தேவை. முழு வளர்ச்சி அடைந்தபின் இக்கணக்கைத் தலைகீழாக மாற்றி, மூன்று பங்கு கீரையும் ஒரு பங்கு பூச்சியுமாக அளித்தல் வேண்டும். குட்டிக்கு நாளொன்றுக்கு இரண்டு மூன்று முறை பூச்சி கொடுக்கலாம். வளர்ந்ததற்கோ கீரை தினமும், பூச்சி சில நாட்களுக்கு ஒருமுறையும் போதும். குட்டிப் பருவத்து வழக்கத்தையே பலர் பின்னரும் தொடர்வதால் உடலிலே கொழுப்பு மிகுந்து, ஈரல் கெட்டு, பிராணி நோயாளி ஆகிறது.

பூச்சிகளுள் சுவர்க்கோழி, வெட்டுக்கிளி, உணவுக்கெனவே வளர்க்கப்படும் கரப்பொத்தான் ஆகியவை சிறந்தவை. கொழுத்த புழுக்களை அது எவ்வளவு ஆசையோடு விழுங்கினாலும், நாம் பலகாரம் உண்பதுபோல இடைக்கிடையே மாத்திரம் கொடுக்கவேண்டும். பூச்சியின் பருமன், ஓணானின் இரு கண்களுக்கும் இடைப்பட்ட அகலத்தை மீறக்கூடாது. இன்னொன்று: பசித்த பூச்சி வெறுங்கூடு. ஆகவே ஓணானுக்குக் கொடுப்பதற்கு முன், ஒரு நாளாவது அப்பூச்சிகளுக்கு நல்ல கீரையும் கரட்டும் அளிப்பது அறிவுடையோர் வழக்கம்.

இனி, எல்லாவற்றிலும் முக்கியமான விடயத்துக்கு வருவோம். எலும்பு உறுதிபெறக் கல்சியம் என்னும் சுண்ணாம்புச் சத்து வேண்டும். உணவிலே பொஸ்பரசைப்போல ஒன்றரை முதல் இரு மடங்கு கல்சியம் இருத்தல் நலம். சுவர்க்கோழியிலோ இது எதிர்மாறு. பொஸ்பரஸ் பல மடங்கு அதிகம். அதனாலேயே பூச்சிகளின்மீது கல்சியத் தூளைத் தூவிக் கொடுக்கிறார்கள். ஆனால் தூள் மட்டும் போதாது. உண்ட கல்சியம் உடலிற் சேர உயிர்ச்சத்து 'டி' வேண்டும். அதனை உண்டாக்கச் சூரியனின் புறஊதாக் கதிர் வேண்டும். சன்னற் கண்ணாடி அக்கதிரைப் பெரிதும் தடுத்துவிடும். ஆகவே கூட்டினுள்ளே அதற்கெனச் செய்யப்பட்ட மின்குமிழ் அவசியம். ஒளி மங்காவிடினும் கதிர் குறைந்துவிடுமாதலால், தயாரித்தவர் கூறும் காலத்தில் அதனை மாற்றவேண்டும். குளிர்காயும் இடத்திலே ஏறக்குறைய 40 பாகை செல்சியஸ் வெப்பமும் தேவை. வெப்பமின்றேல் உண்டது சமிக்காது.

இவற்றிலே குறை நேர்ந்தால், உடலானது தன் எலும்பிலிருந்தே கல்சியத்தைக் கரைத்து எடுக்கும். தாடை இறப்பர்போல் இளகும், கால்கள் நடுங்கும், முதுகு வளையும், சிறு அசைவிலும் எலும்பு முறியும். ஆரம்பத்திலே மிருக வைத்தியரிடம் காட்டினால் நோயைத் தடுத்து நிறுத்தலாம். வளைந்த எலும்போ பெரும்பாலும் வளைந்தபடியே நிற்கும். இவ்வளவு துன்பத்திலும் அவ்வாயில்லாச் சீவன் ஒரு சத்தமும் இடாது. நாயாயின் முனகும், பூனையாயின் கத்தும். ஓணானின் நோவை அறிய அதனைத் தினமும் உற்றுநோக்கும் கண் ஒன்றுதான் உதவும்.

கீரை வகையில் கடுகு இலை, டான்டிலியன், எண்டைவ் முதலியன நல்லன. பூசணியும் சிறிது கரட்டும் துருவிச் சேர்க்கலாம். ஸ்பினாச் கீரை, பீற்றூட் இலை என்பன நமக்கு நல்லவையாயினும், அவற்றிலுள்ள ஒட்சாலிக் அமிலம் கல்சியத்தைப் பிணைத்துவிடும். எனவே அவை அன்றாட உணவாகா. வெளிறிய சலாது இலை வெறும் நீரே. பழம் இனிப்பு மிகுந்ததாகையால் அற்பமாகவே தரப்படல் வேண்டும். தட்டிலே தண்ணீர் வைத்தாலும் சில ஓணான்கள் அதனை உணரா. கீரையைக் கழுவி ஈரத்தோடு வைப்பது நன்று.

ஒருபோதும் கொடுக்கத்தகாதன சில உண்டு. ஆனைக்கொய்யாவும் வெங்காயமும் ஆகா. பூச்சிமருந்து தெளித்த தோட்டத்துப் பூச்சியும் ஆகாது. எல்லாவற்றிலும் கொடியது மின்மினி. அமெரிக்க மின்மினிகளைத் தின்ற தாடி ஓணான்கள் மாண்ட செய்தியை விஞ்ஞானிகள் 1999 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஒரே ஒரு மின்மினியே உயிரைப் போக்கப் போதுமானது. அவுஸ்திரேலியப் பாலையிலே பிறந்த இனத்துக்கு அந்நஞ்சை அறிந்து விலகும் பழக்கம் ஏது? அழகாக ஒளிர்கிறதே என்று பிள்ளை பிடித்துக் கொடுக்கும் விளையாட்டு, கணப்பொழுதில் வினையாகிவிடும்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. இதனைப் படித்துவிட்டு நம் வேலி ஓணானைப் பிடித்துப் பெட்டியில் அடைக்கவேண்டாம். அது தன் வெயிலையும் தன் இரையையும் தானே தேடிக்கொள்ள அறியும். எட்ட நின்று, எதைத் தின்கிறது, எப்போது வெயில் காய்கிறது என்று ஒரு கொப்பியில் குறித்து வாருங்கள். அதுவே சிறந்த விலங்கியற் பாடம். கூட்டிலே பிறந்த பிராணிக்கோ அந்தச் சுதந்திரம் இல்லை. அதன் சூரியனும் மழையும் புற்றும் வளர்ப்பவரின் கையிலேயே உள்ளன. அது விரும்புவதை அன்றி, அதற்கு வேண்டியதை அறிந்து ஊட்டுவதே மெய்யான அன்பு. அவ்வறிவைத் தேடிக்கொள்ளப் பொறுமையில்லாதவர், அப்பிராணியை வாங்காதிருப்பதே அதற்குச் செய்யும் பேருபகாரம்.