கேட்காமல் விட்ட கேள்வி

1200ஆம் ஆண்டை ஒட்டி ஜெர்மன் மொழியில் எழுந்த காவியங்களில் டிராகனும் உண்டு, மாயப் பானமும் உண்டு, அன்னம் இழுத்து வரும் படகும் உண்டு. அடுத்தடுத்துப் படித்தால் இவற்றையெல்லாம் தாண்டி ஒன்று மனத்தில் தங்கிவிடுகிறது. ஒருவர் இன்னொருவரிடம் கேட்கிற, அல்லது கேட்காமல் விடுகிற கேள்விதான் அது.

வோல்ஃப்ராம் ஃபொன் எஷன்பாக் எழுதிய 'பார்சிவல்' ஏறத்தாழ 25,000 அடிகள் கொண்டது. அதன் உயிர்நாடி ஒரே ஓர் இரவு. கிரெயில் என்ற புனிதப் பொருளைக் காக்கும் கோட்டையின் மண்டபத்தில் மூன்று பெரிய கணப்புகள் எரிகின்றன. அப்படியும் குளிர் தாளாமல், மென்மயிர்த் தோலாடைகளைப் போர்த்தியபடி சாய்ந்திருக்கிறான் மன்னன் அன்ஃபோர்டாஸ். விஷ ஈட்டி தைத்த புண். அவனால் நிற்கவும் முடியாது, படுக்கவும் முடியாது. கிரெயிலைக் கண்டவருக்கு அந்த வாரம் மரணமில்லை என்பதால் சாகவும் வழியில்லை. இரத்தம் சொட்டும் ஈட்டியைச் சுற்றி எடுத்துவருகிறார்கள், மண்டபமே அழுகிறது. விருந்தாளி பார்சிவல் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு வாய் திறக்காமல் இருக்கிறான். அதிகம் கேள்வி கேட்காதே என்று குர்னமான்ஸ் என்ற முதிய வீரர் அவனுக்குப் பாடம் சொல்லியிருந்தார். அவைக்கேற்ற அடக்கம் அது. மறுநாள் காலை கோட்டை வெறிச்சோடிக் கிடக்கிறது. வாய் திறந்து கேட்டிருக்கக் கூடாதா என்று பாலத்தருகே ஓர் ஏவலாள் அவனைத் திட்டுகிறான். அந்த மன்னன் தன் தாய்மாமன் என்பது பிறகுதான் தெரிய வருகிறது.

வோல்ஃப்ராமுக்கு மூலமான பிரெஞ்சுக் கவிஞர் க்ரெத்தியன் த த்ருவாவின் கதையில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: ஈட்டியில் ஏன் இரத்தம், கிரெயில் யாருக்கு உணவு கொண்டுசெல்கிறது? அது புதிரை அவிழ்க்கும் கேள்வி. வோல்ஃப்ராம் அதை மாற்றி, உங்களுக்கு என்ன வேதனை என்று விசாரிக்கும் கேள்வியாக்கினார். அவைப் பண்பாட்டின் உச்சத்தில் எழுதிய ஒருவர், அந்தப் பண்பாடு கற்பித்த அடக்கமே ஒருவனைக் கல்நெஞ்சனாக்கலாம் என்று காட்டியது பெரிய துணிச்சல். அந்தக் காலத்துக் காவியங்களில் இதற்கு நிகரான இடத்தை நான் அறியேன்.

ஏறக்குறைய அதே ஆண்டுகளில் உருவான நீபெலுங் காவியத்தில் ஹாகன் என்ற வீரனும் ஒரு கேள்வி கேட்கிறான். போரில் காப்பாற்றத்தான் என்று சொல்லி, நாயகன் சீக்ஃபிரீடின் உடலில் ஆயுதம் பாயக்கூடிய ஒரே இடம் எது என்று அவன் மனைவி க்ரீம்ஹில்டிடம் விசாரிக்கிறான். அவளும் நம்பி, கணவனின் உடையில் அந்த இடத்தில் ஒரு சிலுவைக்குறியைத் தைத்துக் கொடுக்கிறாள். சீக்ஃபிரீட் ஊற்றில் குனிந்து நீர் குடிக்கும்போது ஹாகனின் ஈட்டி அங்கேயே பாய்கிறது.

'பார்சிவல்' முடியுமிடம் இன்னும் விசித்திரம். பல ஆண்டுகள் அலைந்து திரும்பிய பார்சிவல் கேள்வியைக் கேட்க, மாமன் குணமடைகிறான். ஆனால் அத்தனை காலம் ஒரு கேள்விக்காகக் காத்துக் காத்து நொந்துபோன கிரெயில் கூட்டத்தாருக்கு இப்போது கேள்வி என்றாலே கசப்பு. வெளியே அனுப்பப்படும் வீரனிடம் பெயரோ குலமோ கேட்கக் கூடாது என்று விதி பிறக்கிறது. பார்சிவலின் மகன் லோஹெரங்ரின் அன்னப்படகில் பிரபாந்து நாட்டுக்குப் போய் மணம் முடிக்கிறான். மனைவி கேட்டுவிடுகிறாள், அவன் பிரிந்துபோகிறான். வேதனையிலிருந்து தவறான பாடம் கற்ற ஒரு சபைக்கு, அடுத்த தலைமுறையில் ஒரு குடும்பம் பலியாகிறது.

1850இல் இசையமைப்பாளர் வாக்னரின் 'லோஹென்கிரின்' ஓப்பெரா இந்தத் தடையை மட்டும் எடுத்துக்கொண்டு, மனைவியின் ஐயத்தையே சோகத்தின் வேராக்கியது. 1882இல் அரங்கேறிய அவருடைய 'பார்சிஃபால்' ஓப்பெராவில் மன்னனைக் குணப்படுத்துவது ஈட்டியின் தீண்டல். கேள்விக்கு அங்கே வேலையே இல்லை. இசை மகத்தானதுதான். ஆனாலும் உலகில் பெரும்பாலோர் இந்தக் கதையை அந்த மேடை வழியாகவே அறிந்திருப்பது எனக்குப் பெரிய இழப்பாகவே படுகிறது.