கோடி கோடிக் கவிதை

நம் பேச்சில் 'கோடி கோடி' என்பது எண்ணிக்கை இல்லை, வாயைப் பிளப்பது. பிரெஞ்சு எழுத்தாளர் ரேமோன் கெனோ அதைச் சரியான எண்ணிக்கையாகவே ஆக்கிவிட்டார். 1961இல் பிரான்சில் வந்த அவருடைய புத்தகத்தில் பத்தே சானெட்டுகள், அதாவது பதினான்கு வரிக் கவிதைகள். ஒவ்வொரு வரியும் தனித்தனிப் பட்டையாகக் கத்தரிக்கப்பட்டிருக்கும். முதல் வரியை இந்தப் பக்கத்திலிருந்தும் இரண்டாம் வரியை வேறொரு பக்கத்திலிருந்தும் புரட்டி எடுத்து வாசித்துக்கொண்டே போகலாம். பத்தைப் பதினான்கு முறை பெருக்கிப் பாருங்கள்: கோடியைக் கோடியால் பெருக்கிய தொகை. ஒன்றுக்கு ஒரு நிமிடமென்று தூங்காமல் வாசித்தால் ஏறக்குறைய 19 கோடி ஆண்டு. அந்தக் கணக்கையும் அவரே போட்டு வைத்தார்.

கணினி இலக்கியத்தின் மூதாதைகளில் ஒன்றாக இந்தக் காகிதப் புத்தகத்தைச் சொல்கிறார்கள். மூதாதைக்கும் மூதாதை உண்டு. 1920இல் டாடா கலை இயக்கத்தைச் சேர்ந்த திரிஸ்தான் ஸாரா, செய்தித்தாளை வெட்டிப் பையில் போட்டுக் குலுக்கி எடுத்தால் கவிதை என்றார். கெனோவின் உலிப்போ என்ற இலக்கியக் குழுவுக்கு இந்தக் குலுக்கல் ஆகாது, விதி வேண்டும். பத்து சானெட்டுக்கும் ஒரே இயைபு, எந்த வரியோடும் ஒட்டுகிற இலக்கணம். பாடுபட்டதெல்லாம் அங்கேதான். இன்று திரையில் ஒரு சொடுக்கில் கவிதை விழும்போது கத்தரியும் தெரிவதில்லை, மூட்டுவாயும் தெரிவதில்லை. மறுபடி ஸாராவின் பைதான்.

நானும் கத்தரிக்கோலை எடுத்தேன். மூன்று இன்னிசை வெண்பா எழுதி அடி அடியாக வெட்டினால் 81 வெண்பா கிடைக்க வேண்டும். அடியின் கடைசிச் சீர் அடுத்த அடியின் முதல் சீரோடு தளை கொள்ள வேண்டுமே? ஈற்றடி தவிர எல்லா அடியையும் காய்ச்சீரில் முடித்து, அடுத்து வருவதையெல்லாம் நேரசையில் தொடங்கினேன். பன்னிரண்டு அடிக்கும் ஒரே எதுகை. ஒரு வாரம் போனது. (வீட்டில் என்ன நினைத்தார்கள் என்று கேட்கவில்லை.) தளை எங்கும் தட்டவில்லை. தட்டியது வினைமுற்று. முதல் அடியில் வந்தவன் மூன்றாம் அடியில் போனாள். இரண்டு மாடுகள் ஈற்றடியில் வணக்கத்துக்குரிய பெரியவராகிவிட்டன. பிரெஞ்சிலும் ஆண்பால் பெண்பால் உண்டு, கெனோ எப்படியோ தப்பித்தார். நான் விகுதிகளையெல்லாம் வெட்டி, பெயரெச்சத்தை வைத்து ஒப்பேற்றிக்கொண்டிருக்கிறேன். இப்போதைக்கு 81இல் ஏழு தேறும். அதில் ஒன்று, நானாக உட்கார்ந்திருந்தால் எழுதியிருக்கவே மாட்டேன்.