உப்புக் கதையை விடுங்கோ, டொப்ளரை எடுங்கோ

எங்கட குசினியில் என்னோடு வேலை செய்யிற அண்ணை ஒருவருக்கு 2021 இல் மாற்றுக் கிட்னி வைத்தார்கள். கொடுத்தது ரெக்சாசில் இருக்கிற தங்கச்சி. மூன்று வருடம் நல்லாய்த்தான் ஓடியது. 2024 கடைசியில் பிறஷர் ஏறத் தொடங்கியது. ஒரு குளிசை, இரண்டு, மூன்று... இறங்கவில்லை.

போன இடத்தில் ஒரே பல்லவி. "ரெஸ்டோரன்ட்டிலா வேலை? உப்பைக் குறையுங்கோ." நாலு மாதம் நானே தனிச் சட்டியில் உப்பில்லாமல் பருப்பு அவிச்சுக் குடுத்தனான். எனக்குத் தெரியும் அதில் உப்பு இல்லையென்று. ஆனால் சமையல்காரன் சாட்சி சொன்னால் யார் கேட்கப் போகினம்?

பிறகு லிசினோபிரில் எழுதினார்கள். கிரியற்றினின் ஏறிவிட்டது. அது ஒரு பெரிய துப்பு. கிட்னிக்குப் போகும் நாடி ஒடுங்கினால், உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைக்க கிட்னி தன் வெளிவாசலை இறுக்கும். இந்தக் குளிசை அந்த வாசலைத் தளர்த்திவிடும். குளிசையை நிறுத்தினார்கள், சரி. ஏன் ஏறியது என்று தேடவில்லை.

தேடுவது ஒன்றும் பெரிய வித்தையில்லை. மாற்றுக் கிட்னியை அடிவயிற்றில், காலுக்குப் போகும் நாடியோடு தொடுத்துத் தைப்பார்கள். தோலுக்குக் கிட்ட இருப்பதால் அல்ட்ராசவுண்டுக்கு நல்ல வசதி. நான் யாழ் கம்பஸில் பௌதிகம் படித்து 2006 இல் பாதியில் விட்டவன், ஆனாலும் டொப்ளர் மறக்கவில்லை. 1842 இல் அந்த மனுசன் நட்சத்திரங்களின் நிறத்துக்குச் சொன்ன விதிதான், இன்றைக்கு ஓடுகிற இரத்தத்தில் பட்டுத் திரும்பும் ஒலியை வைத்து வேகத்தைச் சொல்கிறது. பாத்திரம் கழுவும் ஹோஸின் வாயை விரலால் அமத்திப் பாருங்கோ, தண்ணி சீறும். ஒடுங்கிய நாடியிலும் அதேதான். வினாடிக்கு 200, 300 சென்ரிமீற்றர் என்று வேகம் போனால் சந்தேகப்படுவார்கள் (எல்லை இடத்துக்கு இடம் மாறும்). ஊசியில்லை, கதிர்வீச்சில்லை, கிட்னியைக் கெடுக்கும் சாயமும் இல்லை. எடுப்பவரின் கைப்பழக்கம் முக்கியம், நாடி மடிந்திருந்தாலும் ஏமாற்றும், உறுதிப்படுத்த வேறு சோதனை வேணும். எல்லாம் சரி. அதற்காக எடுக்காமலே விடுவதா?

ஏன் எடுக்கவில்லை? காசு. அண்ணையின் மெடிக்கெயர் 36 மாதத்தோடு முடிந்துவிட்டது. 2020 டிசம்பரில் சட்டம் மாற்றி, 2023 ஜனவரியிலிருந்து நிராகரிப்புத் தடுப்பு மருந்துக்கு மட்டும் தொடர்ந்து காசு கட்டுகிறார்கள். நல்ல விசயம், கை தட்டுவோம். ஆனால் மருந்துக்கு மட்டும்! அந்தக் கிட்னிக்கு இரத்தம் போகிறதா என்று பார்க்கிற ஸ்கானுக்குச் சதமும் இல்லை. மரத்துக்கு உரம் தருவினம், வாய்க்கால் அடைபட்டதா என்று எட்டிப் பார்க்க மாட்டினம். அந்த ஓட்டையை மூடத்தான் உப்புப் பிரசங்கம். பிரசங்கம் இலவசம்.

எங்கட சனம் லேசுப்பட்டதா? ஒரு பிறந்தநாள் விழாவில் "தங்கச்சியின்ர கிட்னி அவருக்கு ஒத்து வரேல்லையாம்" என்று ஒரு அம்மா சொல்ல, கதை ரெக்சாஸ் வரைக்கும் போய், அந்தப் பிள்ளை போனில் அழுதது: "நான் பழுதானதையா அண்ணைக்குக் குடுத்தனான்?"

கடைசியில் நான் லீவு போட்டுக் கூடப்போய், "டொப்ளர் எடுக்காமல் எழும்ப மாட்டம்" என்று இருந்துவிட்டேன். எடுத்தார்கள். கிட்னி நல்ல கிட்னி. தைத்த இடத்துக்குக் கிட்ட நாடிதான் ஒடுங்கியிருந்தது. பலூன் விட்டு ஸ்டென்ட் வைத்தார்கள். இப்போது ஒரு பிறஷர் குளிசைதான்.

மாற்றுக் கிட்னிக்காரருக்கு ஒன்று: குளிசை கூடக் கூடப் பிறஷர் இறங்காவிட்டால், கிரியற்றினின் காரணமில்லாமல் ஏறினால், "நாடியைப் பார்த்தீங்களா?" என்று வாய்விட்டுக் கேளுங்கோ. பெரும்பாலும் இது முதல் இரண்டு வருடத்துக்குள் வரும், பிந்தியும் வரலாம். நியூஜேர்சியில் சரிற்றி கெயார் என்று ஒன்று இருக்கிறது, வருமானத்தைப் பார்த்து ஆஸ்பத்திரிக் கட்டணத்தைக் குறைப்பார்கள். எங்களுக்கு அதை ஒருவரும் சொல்லவில்லை, பில் வந்த பிறகு நாங்களாகத் தேடிப் பிடித்தது. விண்ணப்பம் போட்டாச்சு. பதில் இன்னும் வரவில்லை.