பெரிய பேட்டரி போச்சு என்றால், முதலில் சின்ன பேட்டரியைப் பாருங்கள்



வெலிங்டனில் எங்கள் உறவினர் ஒருவரின் ஹைபிரிட் கார் ஜனவரிப் பனியில் இரண்டு வாரம் சும்மா நின்றது. எடுத்தபோது டாஷ்போர்டில் பிரேக், ஸ்டீயரிங், ஹைபிரிட் சிஸ்டம் என்று எல்லா விளக்கும் எரிந்தது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனரை மாட்டிய ஐந்தாவது நிமிடம், "பெரிய பேட்டரி போச்சு சார், லட்சத்தில் ஆகும்" என்றார்கள். கடைசியில் மாற்றியது சாதாரண 12 வோல்ட் பேட்டரி.

ஸ்கேனர் காட்டும் எரர் கோடு ஒரு புகார், அவ்வளவுதான். "வயிறு வலிக்குது டீச்சர்" என்று பிள்ளை சொன்னால் பசியா, அஜீரணமா, வீட்டுப்பாடம் எழுதவில்லையா என்று நாம்தான் விசாரிக்க வேண்டும்!

2003-ல் வந்த இரண்டாம் தலைமுறை பிரியஸில் பெரிய பேட்டரி 28 தொகுதிகள், ஒவ்வொன்றும் 7.2 வோல்ட். பெருக்கிப் பாருங்கள், 201.6. ஆனால் அதை இணைக்கும் ரிலேயையும் கம்ப்யூட்டர்களையும் எழுப்புவது சின்ன பேட்டரிதான். அது இறங்கினால் ஒவ்வொரு கம்ப்யூட்டரும் ஒரு புகார் சொல்லும். வண்டி ஓடாமல் நின்றால் அதற்கு சார்ஜும் ஏறாது.

மல்டிமீட்டர் போதும். ஓய்வில் 12.6 வோல்ட் இருந்தால் நல்லது, 12-ஐ ஒட்டி இருந்தால் இறங்கிவிட்டது. 'ரெடி' விளக்கு எரியும்போது 14-ஐ நெருங்க வேண்டும். ஏறவே இல்லையென்றால் சார்ஜ் செய்யும் கன்வர்ட்டரைச் சந்தேகியுங்கள். கோடுகளை எல்லாம் எழுதி வைத்துக்கொண்டு, சின்ன பேட்டரியைச் சரிசெய்த பிறகு அழியுங்கள். திரும்ப வருவதுதான் உண்மையான புகார். ஆரஞ்சு நிற ஒயரை மட்டும் யாரும் தொடாதீர்கள். அது பயிற்சி பெற்றவர் வேலை.

பழுதில்லாததைப் பழுதென்று நினைப்பதும் உண்டு. குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது வழியிலேயே பெரிய பேட்டரி நிரம்பிவிடலாம். பிறகு வண்டி வேகத்தைப் பிடிக்க என்ஜினைச் சுற்றவிடும், இரைச்சல் கேட்கும். பயப்படாதீர்கள். பின்சீட்டில் கம்பளியும் ஸ்வெட்டரும் குவிப்பவர்கள் (நம் வீட்டில் எல்லோரும்தான்) கவனியுங்கள். பல மாடல்களில் பெரிய பேட்டரி குளிரக் காற்று போகும் துளை அங்கேதான் இருக்கிறது. அது அடைத்தால் சூடேறும்.

ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் என் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பென்ஷன்காரரிடம் லட்சக் கணக்கைச் சொல்லும் முன், மீட்டரில் உள்ள எண்ணை அவர் கண்ணால் பார்க்கவிடுங்கள்.