வண்டிக்கும் வயிறு உண்டு

மாட்டு வண்டி ஓட்டியவர்கள் அச்சுக்கு மசகு போடாமல் சந்தைக்குப் புறப்பட்டதில்லை. மசகு வற்றினால் வண்டியே கிறீச்சிட்டு ஊரைக் கூட்டிவிடும். மோட்டார் வண்டிக்கு அந்த நல்ல குணம் கிடையாது. எண்ணெய் கெட்டுப்போன பிறகும் அது மௌன விரதம் அனுஷ்டித்துக்கொண்டு ஓடுகிறது. அது வாய் திறக்கும் நாளில் நமது பணப்பையும் கூடவே திறந்துகொள்ளுகிறது.

ஒரு காலத்தில் மோட்டார் வண்டி என்பது மிராசுதாருக்கும் டாக்டருக்கும் உரிய வாகனமாயிருந்தது. 1983-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் மாருதி 800 வெளிவந்தது. சின்னக் கார் நடுத்தரக் குடும்பத்தின் வாசலில் வந்து நிற்கத் தொடங்கியது. 1998-ல் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ புறப்பட்டது. பள்ளிகொண்டா வழியே செல்லும் பெங்களூர் நெடுஞ்சாலையில் கிழக்கே போனால் அந்த ஆலையைக் காணலாம். இன்று அணைக்கட்டு, ஒடுகத்தூர் பக்கத்து வீதிகளிலும் சின்ன வண்டிகள் சர்வ சாதாரணமாகிவிட்டன. வண்டி வந்துவிட்டது, அதைப் பேணும் வித்தைதான் இன்னும் எல்லா வீடுகளுக்கும் வந்து சேரவில்லை.

இதில் பெரிய தொல்லை எதுவென்றால், பக்கத்து வீட்டுக்காரரின் யோசனை. "என் வண்டிக்கு இப்படித்தான் செய்தேன்" என்கிறார் அவர். அவருடையது டீசல், நம்முடையது பெட்ரோல். வெளித்தோற்றத்தில் இரண்டு வண்டிகளும் இரட்டைப் பிள்ளைகளைப் போல் இருக்கலாம். வயிறு மட்டும் வேறு வேறு. ஒருவருக்கு எழுதிய மருந்துச் சீட்டை இன்னொருவர் சாப்பிடுவாரா?

முதலில் பெட்ரோல் வண்டி. இக்காலத்துச் சின்ன வண்டிகளில் பலவற்றுக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருஷம், இவற்றில் எது முந்துகிறதோ அப்போது எண்ணெயும் எண்ணெய் வடிகட்டியும் மாற்றவேண்டும் என்பது கணக்கு. "நாங்கள் வருஷம் முழுதும் 3,000 கிலோமீட்டர்தானே ஓடினோம்!" என்று சிலர் பெருமை கொள்ளுகிறார்கள். உண்மையில் அந்த வண்டிக்குத்தான் கவனம் அதிகம் தேவை. கடைத்தெருவுக்கும் பள்ளிக்கூடத்துக்குமாக இரண்டு மைல் ஓடி நின்றால் எஞ்சின் நன்றாகச் சூடேறுவதில்லை. உள்ளே உண்டாகும் ஈரமும், எரியாத பெட்ரோலும் எண்ணெயிலேயே தங்கி அதைக் கெடுக்கின்றன. ஆகவே மைல் கணக்கு மட்டும் போதாது; பஞ்சாங்கக் கணக்கும் வேண்டும்.

டீசல் எஞ்சினின் சுபாவமே தனி. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி அமுலுக்கு வந்தபோது மாருதி கம்பெனி டீசல் கார்களை நிறுத்திவிட்டது; ஆயினும் அதற்கு முன் விற்ற டீசல் வண்டிகள் பல இன்னும் நம் சாலைகளில் ஓடுகின்றன. டீசலில் புது எண்ணெய் ஊற்றிச் சில நாளிலேயே கறுத்துவிடும். அது புகைக்கரியை எண்ணெய் தன்னுள் வாங்கிக்கொள்ளுவதன் அடையாளம். அதைக் கண்டு பயந்து மறுபடியும் மாற்றவேண்டியதில்லை. பயப்படவேண்டியது தண்ணீருக்கு. டீசலோடு வரும் சிறிது நீரும் இன்ஜெக்டர்களை அரித்துவிடும். எனவே டீசல் வடிகட்டியில் சேரும் நீரை அவ்வப்போது வடித்து, உரிய காலத்தில் வடிகட்டியையே மாற்றவேண்டும். பி.எஸ். 6 டீசல் வண்டியின் புகைக்குழாயில் கரியைப் பிடித்து வைக்கும் ஒரு வடிகட்டி உண்டு. நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் சிறிது நேரம் ஓடினால்தான் அந்தக் கரி எரிந்து தீரும். தினமும் தெருமுனை வரையில் மட்டும் போய் வருகிறவர் டீசல் வண்டி வாங்குவது, பத்தியச் சாப்பாட்டுக்காரர் கல்யாணச் சமையற்காரரை வேலைக்கு வைத்துக்கொள்ளுவது போலத்தான்.

சி.என்.ஜி. வண்டி செலவுக்குச் சிக்கனம். ஆனால் வாயுவைப் பற்றவைக்க வலுவான பொறி தேவை. ஸ்பார்க் பிளக்குகளையும் காற்று வடிகட்டியையும் தள்ளிப்போடக் கூடாது. எல்லாவற்றிலும் முக்கியம் பின்புறத்திலுள்ள உருளை. மூன்று வருஷத்துக்கு ஒரு முறை அதை நீரழுத்தச் சோதனைக்குக் கொடுத்துச் சான்று பெறவேண்டும் என்பது சட்டம். குழந்தைகள் உட்காரும் ஆசனத்துக்குப் பின்னால்தான் அந்த உருளை இருக்கிறது என்பதை நினைத்துக்கொண்டால், சட்டத்தின் ஞாபகமே தேவைப்படாது.

மின்சார வண்டிக்கு எண்ணெயும் இல்லை, பிளக்கும் இல்லை. "அப்படியானால் ஒன்றும் செய்யவேண்டாம்" என்று கால்மேல் கால் போட்டுக்கொள்ளலாகாது. பிரேக் திரவம், டயர், பாட்டரியைக் குளிர்விக்கும் திரவம், 12 வோல்ட் சிறு பாட்டரி ஆகியவற்றை அதிலும் பார்க்கத்தான் வேண்டும். பாட்டரியின் கனத்தினால் டயர் சீக்கிரம் தேயக்கூடும். ஆரஞ்சு நிறக் கம்பிகளைப் பழக்கமில்லாத கை தொடவே கூடாது.

இனி எல்லா வண்டிகளுக்கும் பொதுவானவை. வேலூர்ச் சீமையின் வெயிலைப் பற்றி நாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை. கோடையில் 40 டிகிரியைத் தாண்டுவது இங்கே அதிசயமன்று. ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறந்து முகம் வெந்துபோகும் ஆபத்து உண்டு; எஞ்சின் ஆறும் வரையில் பொறுக்கவேண்டும். அதில் கிணற்றுத் தண்ணீரை ஊற்றுவது பெரும் தவறு. தோல் பதனிடும் இப்பிரதேசத்தில் பல இடங்களில் நிலத்தடி நீர் உப்பேறிக் கிடக்கிறது. அந்த நீர் ரேடியேட்டரையும் எஞ்சினின் உள்ளுறுப்புகளையும் அரிக்கும். கையேட்டில் சொல்லிய குளிர்திரவத்தையே ஊற்றுக.

பிரேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல உறிஞ்சிக்கொள்ளும் சுபாவமுள்ளது. அதனால்தான் பல வண்டிகளுக்கு இரண்டு வருஷத்துக்கொரு முறை மாற்றச் சொல்லுகிறார்கள். ஏலகிரியின் 14 கொண்டையூசி வளைவுகளில் இறங்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் திரவம் கொதிக்கும். ஈரம் சேர்ந்த திரவமோ சீக்கிரமே கொதித்துவிடும். கொதித்தால் பெடல் தரையைத் தொடும், வண்டி நிற்காது. சில நூறு ரூபாயை மிச்சம் பிடிக்கக் குடும்பத்தையே பணயம் வைப்பது சிக்கனமாகுமா? இறங்கும்போது கியரைத் தாழ்த்துவதும் அவசியம்.

ஒர்க்ஷாப்புக்குப் போகுமுன் வண்டியின் கையேட்டை ஒரு தடவை வாசியுங்கள். கையேட்டில் இல்லாத 'விசேஷச் சுத்திகரிப்பு' ஏதேனும் பில்லில் எட்டிப் பார்த்தால், "இது எதற்கு ஐயா?" என்று மரியாதையாகக் கேளுங்கள். கழற்றிய பழைய பாகங்களைக் காட்டச் சொல்லுங்கள். நல்ல மெக்கானிக் இதனால் கோபிக்கமாட்டார். கேள்வி கேட்கத் தெரிந்த வாடிக்கைக்காரரை அவர் மதிக்கவே செய்வார்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். வீட்டிலோ சிறு கடையிலோ எண்ணெய் மாற்றினால், கழிந்த எண்ணெயைச் சாக்கடையிலும் ஓடையிலும் கொட்ட விடாதீர்கள். 2016-ஆம் வருஷத்து விதிகளின்படி அது அபாயகரமான கழிவு. உரிமம் பெற்றுச் சேகரிப்பவர்களிடம் போய்ச் சேரவேண்டியது. இந்த ஜில்லாவின் தோல் பதனிடும் தொழிற்சாலைகள் நீரைக் கெடுத்த வழக்கிலேதான், 1996 ஆகஸ்டு 28-ந் தேதி, அசுத்தம் செய்தவனே அதற்கு ஈடு செய்யவேண்டும் என்னும் கொள்கை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. ஆலைகளின் மீது குற்றம் சொல்ல நமக்கு உரிமையுண்டு. ஆனால் அந்த உரிமையை வைத்துக்கொள்ள விரும்புகிறவர், தம் வாசலில் நிற்கும் சின்ன வண்டியின் கறுப்பு எண்ணெய் எங்கே போகிறது என்பதையும் பார்த்துக்கொள்ளவேண்டும். பாலாற்றுக்கு ஆலை எண்ணெய் வேறு, வீட்டு எண்ணெய் வேறு என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது.